ஐப்பசிக்கு முன்னால் அந்தச் சிலாப்பைத் திறந்து பாருங்கள்

2003 ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. எல்லாக் கட்டடத்திலும் ஆகஸ்ட் 31-க்குள் மழைநீர் சேகரிப்பு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அவசரச் சட்டம் வந்திருந்தது. சென்னையில் பிளம்பர், கொத்தனார் யாருக்கும் அந்த மாதம் கை ஓயவில்லை. நான் ஒரே நாளில் மூன்று வீடு முடித்திருக்கிறேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று. மாடியிலிருந்து இறங்கும் பைப்பைத் திருப்பி, இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, உடைந்த செங்கல்லையும் ஜல்லியையும் கொட்டி, மேலே சிலாப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. பார்க்க வருகிறவரிடம் வீட்டுக்காரர் சிலாப்பைக் காட்டுவார். அவரும் சிலாப்பைப் பார்த்துவிட்டுப் போவார்.

அதோடு சரி. பல வீடுகளில் அந்தச் சிலாப்பை அப்புறம் யாரும் தூக்கவே இல்லை. இன்றைக்கு "போர்ல தண்ணி கீழ போயிடுச்சுண்ணே, இன்னும் நூறடி இறக்கலாமா?" என்று கேட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போனதும் முதலில் கேட்பது கடப்பாரை. சிலாப்பை நெம்பித் தூக்கினால் உள்ளே குழியே இருக்காது. இருபது வருஷத்து மண் விளிம்பு வரை ஏறி, சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு வீட்டில் அதன்மேல் நன்றாக வளர்ந்த கீரைச்செடி ஒன்று இருந்தது. இப்படித் திறந்ததில் சிலது நானே மூடியவை. அதனால் கூலியைக் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்குவேன். காரணம் சொல்ல மாட்டேன்.

புதிதாக எதையாவது வாங்கி வீட்டைப் பசுமையாக்கும் யோசனை நிறையப் பேரிடம் கேட்கலாம். என்னிடம் இருப்பது, ஏற்கெனவே உங்கள் வீட்டில் செத்துக் கிடப்பதை எழுப்பும் வேலை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். ஆகவே ஆவணி, புரட்டாசியில் இதைச் செய்து முடித்துவிடுங்கள். நான் சொல்வதெல்லாம் சென்னையை வைத்து. உங்கள் ஊரில் மழையளவும் மண்ணும் வேறாக இருக்கலாம், முறை இதுதான்.

முதலில் ஒரு கணக்கு

டி.வி.யில் பத்து சென்டிமீட்டர் மழை என்று சொன்னால், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் எவ்வளவு விழுந்திருக்கும்? சுமார் 9,300 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். தெறிப்பது, காய்வது, வழிவது எல்லாம் போக நூற்றுக்கு எண்பது பங்கு கையில் நிற்கும் என்று வையுங்கள். சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை. அப்படியென்றால் அந்த ஒரு மாடியிலிருந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் எட்டு நடைக்கு மேல் வருகிறது.

2019-இல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கும். ஐம்பது டேங்கர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ஒரு ரயில் தண்ணீர், இருபத்தைந்து மாடிகளில் ஒரு வருஷம் விழும் தண்ணீர். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால் அதைவிட அதிகம் மாடி இருக்கிறது.

மாடி

துடைப்பத்தோடு ஏறுங்கள். புறா எச்சம், உடைந்த பூந்தொட்டி, ஆயுதபூஜைக்கு அடித்த பெயின்ட் டப்பா, பழைய டேங்க் மூடி எல்லாவற்றையும் இறக்குங்கள். சுத்தமாகப் பெருக்கிய பிறகு இரண்டு வாளித் தண்ணீரைப் பைப் வாயிலிருந்து எட்டத்தில் இருக்கும் மூலையில் ஊற்றிப் பாருங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக வாய்க்குப் போகும். நடுவில் குளம் கட்டினால் வாட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் உங்கள் கிணற்றுக்கும் போகாது, கூரைக்குள்தான் இறங்கும். கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் பூசினால் போதும். மாடி முழுக்க உடைக்கச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அடுத்தது ஜாலி, அதாவது குப்பையைத் தடுக்கப் பைப் வாயில் போடும் சல்லடை மூடி. பைப் வாயில் தட்டையான ஜாலி இருந்தால் ஒரே ஒரு பாதாம் இலை போதும், மொத்தமும் அடைத்துக்கொள்ளும். அரைப் பந்து மாதிரி மேலே எழும்பிய ஜாலி கடையில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் பழைய பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து மேலே ஒரு செங்கல் வையுங்கள். நாலு பக்கமும் இலை ஒட்டினாலும் மேல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

இனி ஒரு முக்கியமான வேலை, யாரும் செய்யாத வேலை. மாடியில் எத்தனை வாய் என்று எண்ணுங்கள். கீழே வந்து எத்தனை பைப் குழிக்கோ கிணற்றுக்கோ போகிறது என்று எண்ணுங்கள். மேலே நாலு, கீழே மூன்று என்றால் ஒன்று காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் அது பின்பக்கம் பாத்ரூம் பைப்போடு சேர்ந்து பாதாளச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து அந்த வாயில் ஊற்றிவிட்டு, வாசலில் இருக்கும் சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். மஞ்சளாக வந்தால் ஆள் அகப்பட்டுக்கொண்டான். மழை நாளில் தரைத்தளத்து வீட்டுக் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வருகிறதென்றால் காரணம் பாதி நேரம் இதுதான். சாக்கடைப் பைப் கழிவுக்கு மட்டும் போட்டது, மாடி மழையைத் தாங்காது. அந்த இணைப்பை வெட்டி வேறு பக்கம் திருப்ப ஒரு எல்போவும் பத்தடி நாலு இஞ்ச் பைப்பும் அரை நாள் வேலையும்தான்.

முதல் மழையை வெளியே விடுங்கள்

வெயில் காலம் முழுக்கச் சேர்ந்த தூசியும் எச்சமும் முதல் மழையில்தான் கழுவிக்கொண்டு வரும். அது உங்கள் குழிக்குள் போகக் கூடாது. இறங்கு பைப்பில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு) மாட்டி, அதன் ஒரு வாய்க்கு எண்ட் கேப் போட்டுவிடுங்கள். மழை தொடங்கியதும் கேப்பைத் திறந்து கால் மணி நேரம் வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் மூடுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளிக்குப் பிறகு மழை வந்தால் மறுபடியும் இதே வேலை.

கேப் திருகு மூடியாக இருக்க வேண்டும். எங்கள் பையன் ஒருவன் அக்கறையோடு சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டு வந்தான். அந்த வீட்டு அம்மா, "தம்பி, இதத் தொறக்கணும்னியே, ரம்பம் குடுப்பியா?" என்று கேட்டார்.

குழி

இப்போது சிலாப். கடப்பாரையால் நெம்பி, இரண்டு பேராகத் தூக்குங்கள். உள்ளே இருக்கும் ஜல்லி, செங்கல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சாக்கில் பரப்பிக் கழுவுங்கள். இது பொறுமை வேலை, வேறு வழியில்லை. கல்லெல்லாம் வந்த பிறகு அடியில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படிவம் இருக்கும். அதுதான் தண்ணீரைத் தடுப்பது. அரையடி ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். புது மண் நிறம் தெரிய வேண்டும்.

கல்லைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் ஐந்து குடம் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் மண் நல்ல மண். கழுவிய கல்லைப் போட்டு மூடிவிடலாம். சாயங்காலம் வரை அப்படியே நின்றால் உங்களுக்குக் கீழே களிமண். அங்கே இரண்டடிக் குழி என்பது தொட்டிதான், கொசுவுக்கு வீடு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் சின்னக் குழியே தாராளம். அண்ணா நகர்ப் பக்கத்துக் களிமண்ணில் அதைத் தாண்டி மணல் தட்டும் வரை இறங்கியாக வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பாறை. பாறைக்கு மேலே இருக்கும் மொரம்பு (சரளை மண்) வரை போனால் போதும், பாறையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆழம் வேண்டுமென்றால் உறைக்கிணறுதான் சரி. மூன்றடி அகலம், பதினைந்து அடி ஆழம் என்பது சாதாரண வீட்டுக்கு நான் சொல்லும் அளவு. சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். இதில் கொத்தனார் நல்லெண்ணத்தில் செய்யும் மூன்று தப்பு இருக்கிறது, பக்கத்தில் நின்று தடுங்கள். அடியில் கான்கிரீட் போடுவார். கூடாது, மண்ணாகவே இருக்க வேண்டும். உறைகளின் இடுக்கைச் சிமென்ட் வைத்துப் பூசுவார். கூடாது, அந்த இடுக்கு வழியாகவும்தான் தண்ணீர் மண்ணுக்குள் போகும். மேல் வரை ஜல்லி நிரப்புவார், அதுவும் கூடாது. ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நிற்க இடம் குறையும், நாளைக்கு மண் அடைத்தால் பதினைந்து அடி கல்லை எடுத்துக் கழுவப் போவது யார்? காலியாக விடுங்கள். மேலே மட்டும் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் சிலாப், அதில் பூட்டக்கூடிய மூடி. வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டு வேண்டும்.

இடம்: அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளி. செப்டிக் டேங்க் இருக்கிற வீடானால் அதற்கு எதிர்மூலையில்.

திறந்த கிணறு இருக்கிற வீடு கொடுத்துவைத்த வீடு. புதுக் குழியே வேண்டாம். மாடிப் பைப்பை நேராகக் கிணற்றுக்கு விடலாம். வழியில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, மண் அதில் படியும்படி செய்துவிட்டு, மேல்தண்ணீர் மட்டும் கிணற்றுக்குள் விழ விடுங்கள். லாரி வர ஆரம்பித்த பிறகு எத்தனையோ பேர் கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டார்கள். மூடாமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மூடாதீர்கள்.

போர்வெல்லுக்குள் மாடித் தண்ணீரை நேராக விடுவதை நான் செய்ய மாட்டேன். "ஈஸியா உள்ள எறங்கிடுமே சார்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எறங்கும். மாடி அழுக்கும் சேர்ந்து நேராக ஆழத்துத் தண்ணீருக்கே எறங்கும், வண்டல் போய் பைப்பின் துளைகளை அடைக்கும். மண் வழியாக வடிந்து போவதுதான் வடிகட்டுதல்.

இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பல வருஷம் மூடிக் கிடந்த உறைக்கிணற்றிலோ சம்ப்பிலோ (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) யாரையும் உடனே இறக்காதீர்கள். வேலையாளாக இருந்தாலும் சரி, நீங்களாக இருந்தாலும் சரி. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, விஷவாயு இருந்தாலும் எப்போதும் மூக்குக்குத் தெரியாது. முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன கதை என் வேலையில் எனக்குத் தெரிந்தவர்களுக்கே நடந்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து, மேலிருந்தே வாளியும் கயிறும் போட்டு அள்ள முடிந்ததை அள்ளுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் அதற்கான கருவி வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனை இறக்கச் சொல்வது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றமே.

சம்ப்புக்கு விடுவதானால்

கிணற்றுக்கு அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சத்தைச் சம்ப்பில் பிடித்துக்கொள்ளலாம். அடைமழை நாட்களில் போர் மோட்டார் போடும் வேலையே இருக்காது. 200 லிட்டர் நீல டிரம் ஒன்று. அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் கொசுவலை, எல்லாவற்றுக்கும் மேல் கழுவிய மணல். மாடிப் பைப் மேலே விழும், அடிப்பக்கத்துப் பைப் சம்ப்புக்குப் போகும். டிரம்மின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு வழிவுப் பைப் வைத்து அதைக் குழிக்கு விடுங்கள். பெரிய மழைக்கு இந்த டிரம் ஈடுகொடுக்காது. வருஷத்துக்கு ஒருமுறை மேல் மணலில் இரண்டு இஞ்ச் சுரண்டி எறிந்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். வழிவுப் பைப் வாய்க்கும் சம்ப் மூடி இடுக்குக்கும் கொசுவலை கட்டாயம். டெங்கு கொசுவுக்கு இந்தத் தெளிந்த தண்ணீர்தான் பிடித்தமானது.

அந்தத் தண்ணீரில் துணி துவைத்துப் பாருங்கள், சோப்பு பாதி போதும். பருப்பு குழைய வேகும். குடிப்பதானால் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தெரு

ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிய நாளாகும். தெருவாகச் செய்தால் ஒரே மழைக்காலத்தில் தெரியும். எங்கள் தெருவில் எட்டு வீடு முதலில் சேர்ந்தோம். சேர்க்கப் போனபோது மூலை வீட்டுப் பெரியம்மா கேட்டதைத்தான் எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள்:

"ஏம்ப்பா, நான் காசு போட்டு உள்ள எறக்குற தண்ணிய பக்கத்து வூட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சிக்குவானே?"

"உறிஞ்சுவாரும்மா. அவரு எறக்குறது உங்க கெணத்துக்கும் வரும்ல."

"அவன் எறக்கலன்னா?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. அந்தப் பெரியம்மாவே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசி அவரையும் சேர்த்துவிட்டு வந்தார். எப்படிப் பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சேர்ந்து செய்வதில் செலவும் குறையும். எட்டு வீட்டுக்கும் ஒரே கூலி ஆட்கள், இரண்டு பேர், மூன்று நாள். ஜல்லி, மணல் ஒரே லோடு. வீட்டுக்கு ஒருவர் மாடி பெருக்க வேண்டும். புரட்டாசி முதல் ஞாயிறு என்று நாள் வைத்துவிட்டோம், வருஷா வருஷம் அதே நாள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசும்போது லாரிச் செலவுக் கணக்கை எடுத்து மேசையில் வையுங்கள். போன கோடையில் எத்தனை லாரி, என்ன தொகை என்று தேதியோடு இருந்தால் விவாதம் சீக்கிரம் முடியும். மேல்மாடிக்காரர் "தண்ணி எனக்கு வந்துடுதே" என்பார். பராமரிப்புத் தொகையில் அவர் பங்கையும் சேர்த்து எழுதிக் காட்டுங்கள்.

நம்புவதற்கு ஒரு கயிறு வேண்டும். ஓரடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, முனையில் ஒரு கல். மாதம் முதல் தேதி காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், தெருவில் இருக்கும் திறந்த கிணற்றில் விட்டு, தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் என்று காலண்டர் தாளில் எழுதுங்கள். புரட்டாசிக்கும் தைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பிறகு யாரையும் வற்புறுத்தும் வேலை எனக்கு இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் மாதிரி ஒரு மழை வந்தால் இந்தக் குழிகள் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு நானே இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றேன். வெள்ளத்தைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உள்ளே ஒழுகுவது

மேலிருந்து வருவதைப் பிடித்துவிட்டு உள்ளே ஒழுக விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது மாதிரி. சொட்டும் குழாய்க்கடியில் ஒரு டம்ளரை வையுங்கள். பத்து நிமிஷத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் போகிறது. வாஷர் மாற்றுவது ஐந்து நிமிஷம். ஃப்ளஷ் டேங்க்கில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் கோப்பையைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் இராத்திரி பகலாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. பழைய பெரிய டேங்க்காக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி மிதவையில் படாமல் உள்ளே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரைத் தரை துடைக்க வாளியில் பிடியுங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு. குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம்.

மழை விட்ட பிறகு

தை பிறந்து வெயில் ஏறியதும் சிலாப்பை இன்னொரு தடவை திறங்கள். இப்போது ஒரு விரற்கடை வண்டல்தான் இருக்கும், காய்ந்து அப்பளம் மாதிரி வெடித்திருக்கும். கையாலேயே பெயர்த்து எடுக்கலாம். இதை வருஷா வருஷம் எடுத்தால் இருபது வருஷத்து மண்ணோடு கடப்பாரை போட வேண்டியதில்லை. எடுத்ததைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு முருங்கை மரத்தடியில் கொட்டுங்கள்.